கடுவனுக்குப் பெயர் சோமசேகரம்

வெள்ளைக்காரன் எங்கள் துறைமுகத்தை விட்டுப் போனபோது பீரங்கிகளைக் கொண்டுபோனான், விஸ்கிப் போத்தல்களைக் கொண்டுபோனான், டெனிஸ் விளையாடுகிற வலையைக்கூடச் சுருட்டிக்கொண்டு போனான். கப்பல் மிருகத் தடுப்புப் பணிமனையை மட்டும் விட்டுவிட்டுப் போனான். மறந்துபோய் விட்டானா, வேண்டுமென்றே விட்டானா என்பதில் திருகோணமலையில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நான் இரண்டாவது கட்சி.

பணிமனையின் கடமை சிறியது. வெளிநாட்டுக் கப்பலில் வருகிற நாய், பூனை, குரங்கு எதுவும் கரையில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் பிடித்துச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, இறங்குதுறையின் தொங்கலில், பலகை முடிகிற இடத்திலிருந்து கடலுக்குள் விட்டுவிட வேண்டும். அதைக் கரைக்குக் கொண்டுவந்தவன் துறைமுக வேலைக்காரனாக இருந்தால் வேலையும் போகும், குடியிருக்கிற குவாட்டர்ஸும் போகும். விசர் வியாதி ஊருக்குள் வராமல் காக்கிற ஏற்பாடு என்று சொல்லிக்கொண்டார்கள். ஊருக்குள் விசர்நாய்கள் தங்கள் பாட்டில் திரிந்து ஆட்களைக் கடித்துக்கொண்டுதான் இருந்தன. அவை கப்பலில் வராதபடியால் பணிமனைக்குச் சம்பந்தமில்லை.

பணிமனையில் ஒரு மேசை, ஒரு மணி, ஒரு கம்பிக் கூடு, ஆணியில் தொங்கும் ஒரு சாக்கு ஆகியவை இருந்தன. சாக்கைப் பியோன் கிழமைக்கொருக்கால் தோய்த்துக் காயப்போடுவான். பல வருசமாக அதற்குள் ஒன்றும் போனதில்லை. பணிமனைத் தலைவர் பேணாட், மாதா கோவிலடியில் பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்தான். ஆனால் வெள்ளைக்காரனின் கதிரையில் இருந்த நாளிலிருந்து அவர் பேணாட் துரை. முழங்கால்வரை சொக்ஸ் போடுவார், பூனையைக் கூட 'பிராணி' என்பார். அவருக்குக் கீழே தலைமைக் கிளாக்கர் இக்னேசியஸ். துரை மறந்துபோகிற விதிகளை நினைவுபடுத்துவதும், நினைவிலிருக்கிறவற்றை இறுக்கிவிடுவதும் அவர் வேலை.

அந்தச் சாக்குக்குத்தான் ஒருநாள் வேலை வந்தது.

சோமசேகரம் துறைமுக இழுவைப் படகில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவர். மெலிந்த மனிதர். மேசைக்குப் பின்னால் ஒருவர் இருந்தால் மேசைக்கு முன்னால் இவருக்கு வியர்க்கும். காரணம் இருந்தது. இவருடைய தகப்பன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலுக்கு நிலக்கரி சுமக்க வந்தவர். மகன் பிறந்ததும் வளர்ந்ததும் கலியாணம் கட்டியதும் எல்லாம் இந்த ஊரில்தான். ஆனால் சுதந்திரம் கிடைத்த கையோடு, குடியுரிமைக்கு இங்கே பிறந்தால் மட்டும் காணாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்துவிட்டது. தன்னை யாரும் கேட்காதபடியால் அவரும் யாருக்கும் சொல்லாமல் இருந்தார். யாராவது ஒருநாள் கேட்டுவிடுவார்கள் என்ற பயம் சாப்பிடும்போதும் பக்கத்தில் இருந்தது.

அவருடைய மனைவி கனகம்மா. அவர்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை. சாம்பல் வரி, இடது காது கிழிசல். தாய்ப்பூனை லொறியில் அடிபட்டுச் சாக, குசினியில் விறகுக்குப் பின்னால் கண் திறவாமல் கிடந்ததைக் கனகம்மாதான் சீலைத் துண்டைப் பாலில் நனைத்துச் சூப்பக் கொடுத்து வளர்த்தாள். அவளுக்கு அதில் உயிர். பெயர் வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் நாய்க்குப் பெயர் வைப்பார்கள். பூனை பூனைதான். இரவுச் சாப்பாட்டுக்குக் கனகம்மா குசினி வாசலில் நின்று, ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூப்பிடுகிறபடி, "இஞ்சாருங்கோ, சாப்பிட வாங்கோ" என்று புருசனைக் கூப்பிட்டால், அவர் கை கழுவி வருவதற்கு முந்தி கடுவன் வந்து சாப்பாட்டுப் பலகைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அந்த முறை கோதுமை மா ஏற்றிவந்த மாக்கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்றது. கப்பல் குசினியில் என்னவோ நல்ல மணம் வந்திருக்க வேண்டும். கடுவன் ஏணியால் ஏறிப்போய், ஆசைக்குத் தின்றுவிட்டு, பின்னேரம் இறங்கி வந்தது. போனதை ஒருவரும் காணவில்லை. வந்ததைப் பேணாட் துரை கண்டார். எப்படியும் அவருடைய பணிமனை வந்ததைக் கணக்கெடுக்கிற பணிமனை, போனதை அல்ல.

துரை ஏணியின் அடியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டார். கடைசியில் ஒரு பிராணி வந்தே விட்டது என்று அவருக்குக் கண்ணீர் வந்ததாகப் பியோன் பிறகு சொன்னான். பூனை அவரைத் தாண்டி நடந்து, படகுக் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த சோமசேகரத்தின் காலில் போய் உரசியது.

பியோன் வந்து அவரைத் தோளில் தொட்டான். பூனையை அணைத்தபடி அவர் மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார். துரை மணியை அடித்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது. கனகாலமாக அடிக்காமல் இருந்த மணி.

"இது ஆரின்ர பிராணி?" என்று கேட்டார்.

"எங்கட வீட்டுப் பூனை, ஐயா. குசினிக்குள்ளை பிறந்தது."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார் இக்னேசியஸ், அதற்கு முன் ஒருவரும் எதுவும் சொன்னதில்லை என்றாலும். "சேர், விதி தெளிவா இருக்கு. வீட்டுப் பிராணிக்குப் பேர் இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழும்பி வரும். கப்பல் பிராணிக்குப் பேர் இராது. இருந்தாலும் எங்கட வாயிலை நுழையாது."

"சரியான விதி" என்றார் துரை. "பேர் என்ன?"

பெயர் என்ன. பாலர் வகுப்பில் கேட்டார்கள். அரிசி வாங்கப் போன கூப்பன் கடையில் கேட்டார்கள். படகில் வேலைக்குச் சேர்ந்தபோது கேட்டார்கள். சாகும்வரை இன்னும் எங்கெங்கு கேட்கப்போகிறார்களோ என்று அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி. இந்தமுறை பூனையின் பெயரைத்தான் கேட்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாக விளங்கியது. ஒரு பெயர், ஏதாவது ஒரு பெயர் என்று மண்டைக்குள் தேடினார். பயத்தில் எல்லாம் காலியாக இருந்தது. ஒரே ஒரு பெயர்தான் உள்ளே கிடந்தது.

"சோமசேகரம்" என்றார்.

"உம்மட பேரைக் கேக்கேல்லை. பூனையின்ர பேர்."

பிழை என்று ஒப்புக்கொண்டால், அதிகாரிக்குப் பொய்யான பதில் கொடுத்தவன் என்று ஆகும். பிறகு, உன் சொந்தப் பெயராவது உண்மையா, தகப்பன் பெயர் என்ன, அவர் எங்கே பிறந்தவர் என்று கதை நீளும். சோமசேகரம் பூனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பூனைக்கும் அதுதான் பேர், ஐயா."

 பூனை கொட்டாவி விட்டது. பிறகு துரை எழுந்து நின்று பேசினார். பேசுவதற்கு ஒரு சந்தர்ப்பம் வரும் என்று வருசக்கணக்காகப் பாடமாக்கி வைத்திருந்த பேச்சு அது.

"மிஸ்டர் இக்னேசியஸ், இந்தப் பணிமனை தொடங்கின நாளிலை இருந்து ஒரு வெளிநாட்டுப் பிராணிகூட எங்களைத் தாண்டி ஊருக்குள்ளை போனதில்லை. ஒண்டும் வராததும் அதுக்கு ஒரு காரணம்தான். எண்டாலும் கொழும்பிலை அதை எங்கட திறமை எண்டுதான் நினைக்கினம். அந்த நல்ல பேரை ஒரு பூனைக்காக நாங்கள் இழக்கேலாது. தன்ர பேரைப் பூனைக்கு வைக்கிற மனிசன் ஒண்டில் பெரிய பொய்யன், இல்லாட்டில் பெரிய அன்புள்ளவன். எதெண்டு விசாரிப்பம். வாற வெள்ளிக்கிழமை பூனையைக் கொண்டுவாரும். பேர் சொல்லிக் கூப்பிடுவம். வந்தால் உள்ளூர்ப் பூனை. வராட்டில்..."

அவர் முடிக்கவில்லை. ஆணியில் தொங்கிய சாக்கைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

வாசல்வரை கூடவந்த இக்னேசியஸ், உதவி செய்கிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விசயம். துரை அந்தப் பேரைக் கூப்பிடேக்கை நீர் அசையக்கூடாது. கண் இமைகூட ஆடக்கூடாது. நீர் எழும்பினால் பூனை உம்மைப் பாத்து எழும்பும். அது சாட்சியைக் கலைக்கிற குற்றம். வீட்டிலை பழகிக்கொண்டு வாரும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது கனகம்மா அடுப்படியில் அப்படியே குந்திவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு வேறை பேரே கிடைக்கேல்லையோ?" என்றாள். கோபத்தில் அல்ல. பயத்தில் பூனையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

செய்தி கேட்டு அபூதாஹிர் வந்தான். கின்னியாத் தோணிக்காரன், சோமசேகரத்தின் சின்ன வயதுக் கூட்டாளி. முற்றத்தில் குந்தியிருந்து பூனையை மேலும் கீழும் பார்த்தான்.

"பேர மாத்து மச்சான். பயத்தில சொல்லிட்டன், சரியான பேர் இதுதான் எண்டு சொல்லு. ராசா எண்டு வை. ஊருல பாதிப் பூன ராசாதான்."

"ராணி இன்னும் நாட்டுக்கு ராணியா இருக்கிறா" என்றார் சோமசேகரம். "ராசா எண்டு வைச்சா, அவவின்ர புருசனைச் சாக்கிலை போடப்போறம் எண்டு ஆகாதோ?"

"அப்ப சிங்கம்."

"கொடியிலை இருக்கு."

"வெள்ளையன்."

"கப்பலிலை வந்தது எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி."

"அட, துரை எண்டு வையன்" என்று சொல்லிவிட்டு, சோமசேகரத்தின் முகத்தைப் பார்த்து அபூதாஹிரே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டான்.

யோசித்துப் பார்த்தால் ஒரு கடுவன் பூனைக்கு வைக்கக்கூடிய எல்லாப் பெயரிலும் யாரோ ஒரு ஆள் ஏற்கெனவே குடியிருந்தார். முதலாளி இருந்தார், மந்திரி இருந்தார், சாமி இருந்தார். யாரையும் நோகாத ஒரே ஒரு பெயர் சோமசேகரம்தான். அடுத்த நாள் அவர் எதற்கும் கேட்டு வைப்போம் என்று போய், பெயரை மாற்ற முடியுமா என்று இக்னேசியஸிடம் கேட்டார். "தாராளமா" என்றார் இக்னேசியஸ். "ஆனால் இரண்டு பேர் வைச்சுக்கொண்டு துறைமுகம் துறைமுகமாத் திரியிறது கப்பல்காரரின்ர பழக்கம். அப்பிடிப் பூனையெண்டால் விசாரணையே தேவையில்லை." சோமசேகரம் வந்த வழியே திரும்பிவிட்டார்.

ஆகவே பழக்கம் தொடங்கியது. பின்னேரங்களில் அபூதாஹிர் முற்றத்தின் ஒரு பக்கம் சூடை மீன் ஒன்றை வாலில் பிடித்துக்கொண்டு நிற்பான். மறுபக்கம் பூனை. படியில் சோமசேகரம்.

"சோமசேகரம்" என்று அபூதாஹிர் கூப்பிடுவான்.

பூனை எழும்ப வேண்டும், மனிதர் எழும்பக்கூடாது. முதல் நாள் மனிதர் ஒவ்வொரு தரமும் "ஓய்" என்று எழும்பினார். பூனை ஒரு தரமும் எழும்பவில்லை. அபூதாஹிர் தலையில் அடித்துக்கொண்டான். சோமசேகரம் வேட்டித் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் படியைப் பிடித்துக்கொண்டு இருந்து பார்த்தார். அயல் குவாட்டர்ஸ்காரர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். கிழமை நடுவில் அவருக்குக் கால் மட்டும் துடித்தது. வியாழக்கிழமை கூப்பிட்டபோது காலும் துடிக்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் பாடத்தை நன்றாகப் படித்துவிட்டார். பூனை படிக்கவில்லை. மீனைக் கண்டால் வந்தது. மீன் இல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் முதுகை நக்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி கூப்பிட்டா வரும்" என்றான் அபூதாஹிர், கனகம்மா நின்ற குசினிப் பக்கம் கையைக் காட்டி. "அது அவட சத்தத்துக்குத்தான் அசையும். நாளைக்கு அவவ வந்து பேரச் சொல்லச் சொல்லு. அவ்வளவுதான் விசயம்."

குசினிக்குள் பாத்திரம் கழுவிய சத்தம் நின்றது.

கனகம்மா கலியாணம் கட்டிய நாளிலிருந்து புருசனின் பெயரைச் சொன்னதில்லை. கூப்பன் கடையில் கேட்டால் "எங்கட வீட்டுக்காரர்" என்பாள். பத்திரகாளி கோவிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு ஐயரின் முகத்தைப் பார்ப்பாள். ஐயர் மிச்சத்தைச் சொல்லிக்கொள்வார். வெட்கம் என்று அயலார் நினைத்தார்கள். வெட்கம் அல்ல. வாயால் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று அவளுடைய தாய் சொல்லிக் கொடுத்திருந்தாள். தாய் ஒருதரம் கோபத்தில் சொன்னாளாம். அந்த மாரிகாலத்திலேயே தகப்பனைக் காய்ச்சல் கொண்டுபோனது.

"என்னாலை ஏலாது" என்று வாசலுக்கு வந்து சொன்னாள். "அண்ணை, பூனையும் வேணும் எனக்கு. அவரின்ர வேலையும் வேணும். ஆனால் அதுகளுக்காக அவரைக் குடுக்கேலாது."

 அபூதாஹிர் மீனைப் பூனைக்கு முன்னால் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பணிமனை மேசைக்குப் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். துரை புதுச் சொக்ஸ் போட்டிருந்தார். பியோன் சாக்கைத் தோய்த்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, இறங்குதுறைப் பக்கக் கதவைத் திறந்துவிட்டு நின்றான். கதவுக்கு வெளியே தண்ணீர் பலகையில் மோதுகிற சத்தம் அறைக்குள் கேட்டது. சோமசேகரம் சுவரோரத்து மர வாங்கில் இருந்தார். கனகம்மா மற்ற வாசலில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூனையைக் கூட்டுக்குள் விட்டுக் கூட்டுக் கதவைத் திறந்து வைத்தார்கள்.

"பயப்பட வேண்டாம்" என்று துரை தொடங்கினார். "இந்தப் பணிமனை நியாயமான பணிமனை. குற்றம் இல்லாத பிராணிக்கு இஞ்சை ஒண்டும் நடக்காது. ஆனால் ஒண்டு சொல்லுறன். கொழும்பிலை இந்தப் பணிமனையை மூடுறதோ எண்டு ஒரு கதை அடிபடுது. ஒரு பூனை, ஒரே ஒரு பூனை பிடிபட்டால் அந்தக் கதை நிக்கும். அதை மனசிலை வைச்சுக்கொண்டு நான் பக்கம் சாராமல் விசாரிக்கப்போறன்."

மணியை அடித்தார். "சோமசேகரம்" என்று கூப்பிட்டார்.

பூனை கூட்டுக்குள் படுத்திருந்தது. சோமசேகரம் வாங்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, திறந்த கதவால் தெரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழமைப் பழக்கம் கைகொடுத்தது. இமை ஆடவில்லை.

"சோமசேகரம்."

துரையின் குரலில் அதிகாரம் ஏறியது. அவர் கூப்பிட்டு எழும்பாத ஆள் துறைமுகத்தில் கிடையாது. பூனை ஒரு காலை நீட்டி மடக்கியது.

மூன்றாம் தரம் கூப்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இக்னேசியஸ் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் ஆட்டியது பூனையைப் பார்த்து அல்ல, சோமசேகரத்தைப் பார்த்து. அதை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை.

"சொந்தக்காரரும் ஒருக்கால் கூப்பிடலாம்" என்றார் துரை.

சோமசேகரம் எழுந்து தன் பெயரைச் சொன்னார். பாதிக்கு மேல் சத்தம் வரவில்லை. வந்த பாதி அவருக்கே அந்நியமாகக் கேட்டது. பூனை அவரைப் பார்த்தது. அன்பாகத்தான் பார்த்தது, ஆனால் எழும்பவில்லை.

பியோன் சாக்கின் வாயை விரித்தான்.

"சேர், வளத்தவ நிக்கிறா" என்றார் இக்னேசியஸ். "அவவையும் கேட்டால் ஒரு குறையும் இராது. பிறகு ஒருதரும் வாய் திறக்கேலாது."

"அம்மா, வாங்கோ" என்றார் துரை, மரியாதையாக. "கடைசிச் சந்தர்ப்பம். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. வந்தால் வீட்டை கொண்டுபோங்கோ."

கனகம்மா அறையின் நடுவுக்கு வந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். ஒரு கை தாலியைப் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் விரித்த சாக்கு. மறுபக்கம் வாங்கில், வெளுத்த முகத்தோடு, அவள் சொல்லக்கூடாத பெயருக்குரிய மனிதர். சொன்னால் அவர் போவார். சொல்லாவிட்டால் கடுவன் போகும், வேலை போகும், வீடு போகும். பியோன் கூட்டை நோக்கி ஒரு அடி வைத்தான்.

அவளுக்கு எந்த வழியும் தெரியவில்லை. வழி தெரியாத நேரங்களில் எல்லாம் செய்வதைத்தான் இப்போதும் செய்தாள். புருசன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ..." என்று அழுதாள்.

பூனை கூட்டிலிருந்து வெளியே வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு நேரே நடந்து போய் அவள் காலடியில் இருந்தது.

சோமசேகரம் எழுந்து நின்றார். அதில் ஆச்சரியம் இல்லை. மேசைக்குப் பின்னால் இக்னேசியஸ் "என்னப்பா?" என்று திரும்பிவிட்டார். பேணாட் துரை கதிரையை விட்டுப் பாதி எழும்பி, வலது கை தொப்பியைத் தேட, அப்படியே வளைந்து நின்றார். அவர் வீட்டிலும் அந்தச் சத்தம் இதே சுருதியில்தான் வரும்போலிருந்தது.

துரை மெல்லக் கதிரையில் இருந்தார். தொப்பியைத் தொட்ட கையால் மணியைத் துடைத்தார்.

"சேர், அவ பேரைச் சொல்லேல்லை" என்றார் இக்னேசியஸ். "அந்தச் சத்தத்துக்குப் பூனை வந்தது செல்லாது."

"அந்தச் சத்தத்துக்கு ஆர் ஆர் எழும்பினது எண்டும் கொழும்புக்குச் சொல்லவேணும், மிஸ்டர் இக்னேசியஸ். சொல்லுவமோ?"

இக்னேசியஸ் யோசித்தார். "தேவையில்லை, சேர்."

"அப்ப பூனை வந்தது. இது உள்ளூர்ப் பூனை. பேர் சோமசேகரம்."

கனகம்மா கடுவனை வாரித் தூக்கி அதன் கிழிந்த காதில் முகத்தை வைத்துக்கொண்டாள். பியோன் சாக்கை மடித்தான். அவன் முகத்தில் ஏமாற்றம் இருந்தது.  சோமசேகரம் கும்பிட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பினார். அந்தக் கிழமையில் முதல் முறையாக அவருக்குப் பயம் இல்லாமல் இருந்தது, வாசல் வரைக்கும்.

"பொறும்" என்றார் இக்னேசியஸ். "சேர், இன்னொரு விசயம் இருக்கு. நீங்கள் மூண்டு தரம் சோமசேகரம் எண்டு கூப்பிட்டனீங்கள். பூனை எழும்பேல்லை, சரி, அது பிறகு வந்திட்டுது. இந்த மனிசனும் எழும்பேல்லை. பிறகு எழும்பினதும் இஞ்சாருங்கோவுக்குத்தான், அந்தப் பேருக்கு இல்லை."

"நீங்கள்தானே ஐயா அசையக்கூடாதெண்டு சொன்னனீங்கள்" என்றார் சோமசேகரம்.

"சொன்னனான்தான்" என்றார் இக்னேசியஸ். "ஆனால் உம்மட சொந்தப் பேராயிருந்தால் ஏலுமாயிருந்திருக்குமோ?"

துரையின் முகம் மெல்லத் தெளிந்தது. பாதி எழும்பியதில் இழந்த கம்பீரத்தை எடுத்துப் போர்த்திக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டது. எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார்.

"உண்மை. சொந்தப் பேரைக் கூப்பிட்டால் கால் தன்ர பாட்டிலை எழும்பும். ஆரும் தடுக்கேலாது. நானே இப்ப..." என்று சொல்லி நிறுத்தினார். "அது வேறை. பேருக்கு எழும்பாதது உள்ளூர்ப் பிராணி இல்லை எண்டது விதி. மனிசனுக்கு வேறை விதி எங்களிட்டை இல்லை. மனிசரை விசாரிக்கிறது எங்கட வேலையும் இல்லை. அதுக்குப் பக்கத்துக் கட்டிடத்திலை குடிவரவு ஆக்கள் இருக்கினம். அவைக்கும் கனநாளா வேலை இல்லை. நல்ல மனிசர், தேத்தண்ணி தருவினம். நான் சொல்லிவிடுறன். உம்மட தகப்பன் எந்த ஊர் எண்டு சும்மா கேப்பினம்."

சோமசேகரம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கவலைப்படாதையும்" என்றார் துரை. "இதே முறைதான். உம்மட மனிசி பேரைச் சொல்லிக் கூப்பிடவேணும். நீர் எழும்பி வரவேணும். இந்தமுறை இஞ்சாருங்கோ எல்லாம் செல்லாது. அவை கண்டிப்பான ஆக்கள்."

"எழும்பாட்டில், ஐயா?" என்று கேட்டாள் கனகம்மா. அவள் அந்த அறையில் கேட்ட ஒரே கேள்வி.

"அவையிட்டைச் சாக்கு இல்லை, அம்மா" என்றார் துரை அன்பாக. "அவையிட்டைக் கப்பல் இருக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் இருவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். பூனை மட்டும் கனகம்மாவின் தோளில் இருந்து ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தது. அது இனி எங்கேயும் போகலாம், எங்கேயிருந்தும் வரலாம்.

அன்று பின்னேரம் சோமசேகரம் படியில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாக்கப்பல் இன்னும் நின்றது. கனகம்மா அரிசி போட்ட பானையை இறக்கி வைத்தாள். சாமிப் படத்துக்கு விளக்கைக் கொளுத்தினாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குசினி வாசலில் வந்து நின்றாள். பக்கத்துக் கட்டிடத்துக்குப் போகிற அன்று திடீரென்று சொல்லப் போனால் நா எழும்பாது. இப்போதே ஒருதரம் சொல்லிப் பழக வேண்டும். ஆயுள் குறைந்தால் குறையட்டும், குறைந்த ஆயுளையாவது இந்தக் கரையில் கழிக்கட்டும் என்று அவள் மனதுக்குள் பத்திரகாளி அம்மாளிடம் பேரம் பேசியிருந்தாள்.

"சோமசேகரம்" என்றாள்.

சின்னக் குரல். முற்றத்து மணலில் படுத்திருந்த கடுவன் எழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் இருந்தது.

படியில் இருந்தவர் அசையவில்லை.

"சோமசேகரம்" என்று அவள் மறுபடியும் கூப்பிட்டாள். இந்தமுறை அயல் வீடுகளுக்குக் கேட்கும்படியாகவே கூப்பிட்டாள்.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு பின்னால், வேலிப் பக்கம், யாராவது வந்து நிற்கிறார்களா என்று பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஆரையப்பா கூப்பிடுறீர்?" என்று கேட்டார்.